பட்டனை அழுத்தினா 'டக்'... அப்புறம் சத்தமே இல்லையா? பரண் வாக்மேனைத் தூக்கிப் போடும் முன் இதைப் படிங்க!

பட்டனை அழுத்தினால் 'டக்' என்று உள்ளே போய் நிற்கிறது. அதோடு சரி. சிவப்பு விளக்கு எரியவில்லை, சக்கரம் சுற்றவில்லை, இயர்போனில் ஒரு 'உஸ்' சத்தம்கூட இல்லை. புது பேட்டரி வாங்கிப் போட்டும் பார்த்தாயிற்று. 'இது அவ்வளவுதான்' என்று பழைய இரும்புக்காரரிடம் எடை போடக் கிளம்புகிறீர்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை மட்டும் அதற்குக் கொடுத்துப் பாருங்கள்.

முப்பது வருடம் பரணில் கிடந்த வாக்மேனில் பெரும்பாலும் உயிர் போயிருப்பதில்லை. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகிற வழியில் எங்கேயோ ஒரு கடுகளவு பாசி பிடித்திருக்கும். அதைக் கண்டுபிடித்துத் துடைத்தால் போதும், பல செட்டுகள் எழுந்து உட்கார்ந்துவிடும். அந்த வழியை எந்த வரிசையில் தேடுவது என்பதுதான் விஷயம்.

பாட்டுக் கேட்கத்தான் கையில் போன் இருக்கிறதே, இந்தப் பழைய டப்பாவுக்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். சினிமா பாட்டு எல்லாம் இணையத்தில் இருக்கிறது, உண்மைதான். வீட்டில் பதிந்த கேசட்டில் இருப்பது எந்த இணையத்திலும் கிடையாது.

தறிக்குழியும் டேப் ரெக்கார்டரும்

ஆரணி எங்கள் ஊர். திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது. ஆரணி அரிசி தெரியாதவர்களுக்கும் ஆரணிப் பட்டு தெரியும். புவிசார் குறியீடு வாங்கிய பட்டு அது.

கைத்தறியில் உட்கார்ந்தவருக்குக் கால் இரண்டும் குழிக்குள் மிதிகட்டையில் இருக்கும். ஒரு கை நாடாவை விரட்டும், மறு கை பலகையைப் பிடித்து அடிக்கும். கண் பாவை விட்டு நகராது. மீதி இருப்பது காது மட்டும்தான். அதனால்தான் தறி இருந்த வீடுகளில் ஒரு காலத்தில் ரேடியோ ஓடிக்கொண்டே இருந்தது. எண்பதுகளில் அந்த இடத்துக்கு 'டூ இன் ஒன்' வந்தது. ஒரே பெட்டியில் ரேடியோவும் உண்டு, கேசட்டும் உண்டு. பிடித்த பாட்டுகளைத் தாளில் வரிசையாக எழுதிக் கடையில் கொடுத்தால், அறுபது நிமிட கேசட்டில் பதிந்து தருவார்கள். அம்மா, அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அந்தத் தாளில் முதலில் எழுதிய பாட்டு எது என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

அந்தப் பெட்டிகளில் 'ரெக்கார்ட்' என்று ஒரு சிவப்புப் பட்டனும் இருந்தது. அதை அழுத்திவிட்டுப் பேசினால் குரல் பதியும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களுக்கு வீட்டிலிருந்து கேசட்டில் பேசி அனுப்பிய காலம் அது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதமே அதுதான். குழந்தையின் முதல் மழலை, கல்யாண வீட்டு நலங்குப் பாட்டு, இழவு வீட்டு ஒப்பாரி எல்லாம் அப்படிப் பதிந்து, பிஸ்கட் டப்பாக்களில் இன்னமும் தூங்குகின்றன.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. சவுதியில் இருந்த சித்தப்பாவுக்குத் தாத்தா பேசி அனுப்பிய கேசட். சித்தப்பா திரும்பி வந்தபோது பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டார், கூடவே ஒரு வாக்மேனையும். நான் பிறப்பதற்கு முன்பே தாத்தா போய்விட்டார். அவர் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. வீட்டு டூ இன் ஒன் எப்போதோ எடைக்குப் போய்விட்டது. மிஞ்சிய வாக்மேனும் மூச்சு விடவில்லை. பார்த்த ஒரு கடையில், 'இதுக்கெல்லாம் சாமான் வராது' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. ஒரு போனுக்கு டிஸ்ப்ளே மாற்றுகிற நேரத்தில் இதைத் திறந்துகூட முடிக்க முடியாது.

சட்டைப் பையில் அடங்கிய கருவி

இதைத் திறக்கும் முன் இது என்ன வகை என்று தெரிந்துகொண்டால் பயம் போகும். நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் பெர்லின் கண்காட்சியில் இந்தச் சின்ன கேசட்டை அறிமுகம் செய்தது. உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஒட்டன்ஸ். கருவி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று முடிவு செய்ய, மரக்கட்டை ஒன்றைச் செதுக்கித் தன் கோட்டுப் பையில் போட்டுப் பார்த்தவர் அவர். 2021-ல் தன் 94-வது வயதில் காலமானார். 1979 ஜூலை 1-ம் தேதி ஜப்பானில் சோனியின் முதல் வாக்மேன் விற்பனைக்கு வந்தது. பதிவு செய்யும் வசதி இல்லை, ஸ்பீக்கர் இல்லை, இரண்டு சின்ன பேட்டரி, ஹெட்போன். அவ்வளவுதான். இதை யார் வாங்குவார்கள் என்று பலர் கேட்டார்கள். கேசட் போடும் வாக்மேன்களை மட்டும் சோனி சுமார் 20 கோடி விற்றது. ஜப்பானில் 2010-ல்தான் நிறுத்தியது. நம் ஊரில் எந்த கம்பெனி செட்டாக இருந்தாலும் பெயர் வாக்மேன்தான்.

உள்ளே இருப்பது 3 வோல்ட். 1.5 வோல்ட் பேட்டரி இரண்டு. ஷாக் அடிக்க வாய்ப்பே இல்லை. ஆகவே தைரியமாகத் திறக்கலாம். ஆனால் கரன்ட் வயர் செருகுகிற டூ இன் ஒன் முற்றிலும் வேறு கதை. அதில் 230 வோல்ட் உள்ளே வருகிறது. அதைத் திறக்கிற வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி என்றால், பின்பக்கம் 110, 220 என்று மாற்றுகிற சின்னத் திருகு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே செருக வேண்டும். 110-ல் வைத்துவிட்டு நம் வீட்டு பிளக்கில் செருகினால் புகைதான் வரும்.

முதலில் பேட்டரி... சிரிக்காதீர்கள்!

சுவர்க் கடிகாரத்திலிருந்தும் டிவி ரிமோட்டிலிருந்தும் கழற்றிய பேட்டரியைப் போட்டுவிட்டு 'ஓடவில்லை' என்பவர்கள் நிறைய. கடிகாரத்துக்கு மின்சாரம் சொட்டுச் சொட்டாகப் போதும். வாக்மேனில் ஒரு மோட்டார் சுற்ற வேண்டும். கடிகாரத்தை ஆறு மாதம் ஓட்டுகிற பேட்டரி, மோட்டாரைப் பார்த்ததும் படுத்துவிடும். அதனால் புது ஆல்கலைன் பேட்டரி இரண்டு வாங்குங்கள். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்று கலக்க வேண்டாம்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. புது ஆல்கலைன் பேட்டரி தனியாக 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றுகிற வகை 1.2 வோல்ட்தான். இரண்டு சேர்ந்தால் 2.4. சில பழைய செட்டுகள் அதில் சோம்பலாக ஓடும், சில ஓடவே ஓடாது. சோதனை செய்யும்போது ஆல்கலைன்தான் நல்லது.

தொண்ணூறுகளில் வந்த மெலிந்த வாக்மேன்கள் சிலவற்றில், சூயிங் கம் பட்டை மாதிரி ஒரு சப்பை பேட்டரி இருக்கும். இத்தனை வருடம் கழித்து அது கண்டிப்பாகச் செத்திருக்கும். அதை சார்ஜ் ஏற்றிப் பார்க்கிற வேலையே வேண்டாம். புதிது இணையக் கடைகளில் கிடைக்கிறது. அந்த செட்டோடு ஒரு குட்டி உருளை டப்பா வந்திருக்கும். அதைப் பக்கவாட்டில் திருகி மாட்டி, சாதாரண பேட்டரி ஒன்றை உள்ளே போட்டாலே செட் ஓடும். அந்த டப்பா வீட்டிலேயே ஏதோ ஒரு டிராயரில் கிடக்கலாம், தேடிப் பாருங்கள்.

போன் சார்ஜரை எப்படியாவது இணைத்து ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது 5 வோல்ட். 3 வோல்ட் செட்டுக்கு அது விஷம். 3 வோல்ட் அடாப்டர் வாங்கினாலும், செட்டில் செருகும் துளைக்குப் பக்கத்தில் வட்டமும் புள்ளியுமாக ஒரு குறி போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். சில செட்டில் நடு ஊசி பிளஸ், சிலவற்றில் மைனஸ். ஒரே கம்பெனியே காலத்துக்குக் காலம் மாற்றியிருக்கிறது. மாற்றிச் செருகினால், துடைத்தால் சரியாகிற கோளாறு பார்ட்ஸ் மாற்ற வேண்டிய கோளாறாகிவிடும்.

வெள்ளைப் பொடி, பச்சைப் பாசி

இப்போது பேட்டரி அறையை வெளிச்சத்தில் காட்டுங்கள். போன் டார்ச் போதும். ஸ்பிரிங்கின் அடியில் வெள்ளைப் பொடியோ நீலப் பச்சைப் பாசியோ தெரிகிறதா? குற்றவாளி கிடைத்துவிட்டான். யாரோ ஒரு காலத்தில் பேட்டரியைக் கழற்றாமல் பரணில் ஏற்றியிருக்கிறார்கள். அது கசிந்திருக்கிறது.

ஆல்கலைன் பேட்டரியில் கசிவது காரம். சமையலறை வினிகரை பட்ஸில் தொட்டு வைத்தால் லேசாக நுரைத்துக் கரையும். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு. ஆனால் அந்தக் காலத்து மலிவான சாதா பேட்டரி கசிந்திருந்தால் அது அமிலத்தன்மை. அதற்கு ஆப்பசோடாவைக் குழைத்து வைக்க வேண்டும். எது என்று தெரியவில்லையா? முதலில் வினிகர் தொட்டுப் பாருங்கள். நுரைத்தால் காரம், நுரைக்காவிட்டால் ஆப்பசோடா. அதன் பிறகு வெறும் தண்ணீர் தொட்ட பட்ஸ். கடைசியாக ஐ.பி.ஏ. என்கிற ஆல்கஹால் திரவம். மொபைல் ரிப்பேர் கடைகளில் போர்டைத் துடைப்பது அதைக்கொண்டுதான், கேட்டால் கொடுப்பார்கள். எதையும் ஊற்றக் கூடாது, தொட்டுத்தான் வைக்க வேண்டும். செட்டைச் சாய்த்துப் பிடித்தால் கசடு உள்ளே ஓடாது. கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கையோடு கண்ணைத் தேய்க்காதீர்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வரும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் மேலே இருக்கிற நிக்கல் பூச்சும் போய்விடும். அடுத்த மழைக்காலத்தில் இன்னும் வேகமாகத் துரு பிடிக்கும். பென்சில் ரப்பரால் தேய்த்தால் போதும்.

அறையின் மூடியையும் பாருங்கள். பல வாக்மேன்களில் இரண்டு பேட்டரியையும் இணைக்கிற தகடு மூடியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். அறையைச் சுத்தம் செய்துவிட்டு மூடியை மறந்துவிடுவது சகஜம். ஸ்பிரிங் அமுங்கிப் போயிருந்தால் மெல்ல வெளியே இழுத்துவிடுங்கள். பேட்டரி உள்ளே கலகலவென்று ஆடக் கூடாது.

எங்கள் செட்டில் ஸ்பிரிங் சுத்தமாகத்தான் இருந்தது. அதனால்தான் கதை நீண்டது.

எந்த இடத்தில் அறுந்தது?

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியைக் குறை சொல்வதில்லை. அறுந்த முனையைத் தேடுவார், முடிச்சுப் போடுவார், அடுத்த ஊடைக்குப் போய்விடுவார். இதிலும் அதே வேலைதான். பேட்டரி, ஸ்பிரிங், வயர், அடாப்டர் துளை, பிளே சுவிட்ச், போர்டு, மோட்டார். மின்சாரம் இந்த வழியாகத்தான் போகிறது. எதுவரை வந்தது, எங்கே நின்றது என்று பார்த்தால் போதும்.

திறப்பதற்கு முன் ஒரு சோதனை. கேசட் போடாமல், கதவைத் திறந்து வைத்து, பிளேயை அழுத்துங்கள். இயர்போனை மாட்டி, வால்யூமை முழுக்க ஏற்றுங்கள். 'உஸ்' என்று கேட்டால் மின்சாரம் போர்டு வரை வந்துவிட்டது. பிரச்னை மோட்டார் பக்கம். மோட்டாரின் மெல்லிய ரீங்காரம் கேட்டு, சக்கரம் மட்டும் அசையவில்லை என்றால் பெல்ட் போய்விட்டது. சக்கரம் சுற்றுகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் இயர்போன் துளையில் அழுக்கு. இந்த மூன்றும் செட் செத்ததாகவே தோன்றும். ஆனால் உயிர் இருக்கிறது. எதுவுமே இல்லை என்றால்தான் உண்மையிலேயே மின்சாரம் வரவில்லை.

அப்படியென்றால் முதல் சந்தேகம் அடாப்டர் துளை மீதுதான். நிறைய பேருக்குத் தெரியாத சங்கதி இது. அந்தத் துளைக்குள் ஒரு குட்டித் தகடு இருக்கிறது. அடாப்டரைச் செருகினால் அது விலகி, பேட்டரியைத் துண்டித்துவிடும். எடுத்தால் திரும்பவும் ஒட்டும். முப்பது வருடத்தில் அது களிம்பேறி நின்றுவிட்டால், அடாப்டர் இல்லாதபோதும் இருப்பதாக செட் நினைத்துக்கொள்ளும். புத்தம் புது பேட்டரியை அது மதிக்கவே மதிக்காது. பொருத்தமான பின்னை இருபது தடவை செருகிச் செருகி எடுங்கள். கொஞ்சம் கான்டாக்ட் கிளீனர் அடித்துவிட்டுச் செய்தால் இன்னும் நல்லது. இதிலேயே விழித்துக்கொள்கிற செட்டுகள் உண்டு. 'அடாப்டரில் ஓடுது, பேட்டரியில் ஓடலை' என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

அதற்கும் அசையவில்லையா? திறக்க வேண்டியதுதான். மொபைல் ரிப்பேர் ஸ்க்ரூ டிரைவர் செட் போதும். ஒவ்வொரு திருகைக் கழற்றும் முன்பும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகுகள் நீளம் மாறும். நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் முடுக்கினால் உள்ளே போர்டைக் குத்திவிடும். இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாகக் கழற்றிய வரிசைப்படி போட்டு வைத்தேன். அம்மா முறைத்தார், ஆனால் வேலை பிரமாதமாக நடந்தது. பேட்டரி அறைக்குள்ளும் கேசட் கதவுக்கு அடியிலும் ஒளிந்திருக்கிற திருகுகளைத் தேடிவிட்டுத்தான் மூடியை நெம்ப வேண்டும்.

திறந்ததும் மல்டிமீட்டர். ஸ்பிரிங்கில் 3 வோல்ட் இருக்கிறது. அந்த வயர் போர்டில் சேருகிற இடத்தில் இருக்கிறதா? எங்கள் செட்டில் இல்லை. பார்வைக்கு நன்றாக இருந்த கறுப்பு வயரின் மேலுறையைக் கொஞ்சம் சீவியதும், உள்ளே செம்பு இழைகள் கரும்பச்சையாக இருந்தன. கசிந்த பேட்டரியின் காரம் வயருக்குள்ளேயே ஊர்ந்து ஊர்ந்து போர்டு வரை போயிருக்கிறது. ஸ்பிரிங்கை யாரோ முன்பே துடைத்துவிட்டிருக்கிறார்கள், வயரைப் பார்க்கவில்லை. அந்த மாதிரி வயரில் ஈயம் ஒட்டாது. வெட்டி எறிந்துவிட்டு இரண்டு அங்குலப் புது வயர் வைத்துப் பற்றவைக்க வேண்டும். சால்டரிங் தெரியாது என்றால், வயரை மட்டும் காட்டி மொபைல் கடையில் கேளுங்கள். 'வாக்மேன் ரிப்பேர் பண்ணித் தருவீங்களா?' என்றால் முடியாது என்பவர், 'இந்த வயரைப் பத்த வெச்சுத் தாங்க' என்றால் அஞ்சு நிமிடத்தில் செய்து கொடுத்துவிடுவார்.

வயர் நன்றாக இருந்தால் அடுத்தது பிளே சுவிட்ச். பழைய வாக்மேன்களில் பவர் பட்டன் தனியாகக் கிடையாது. பிளேயை அழுத்தும்போது, தடம் மாறி வந்து இரண்டு மெல்லிய தகடுகள் ஒன்றையொன்று தொடும். அதுதான் சுவிட்ச். தொடுகிற இடத்தில் கறுப்புப் படலம் இருந்தால் மின்சாரம் தாண்டாது. விசிட்டிங் கார்டில் ஒரு கீற்று வெட்டி, ஐ.பி.ஏ.வில் நனைத்து, தகடுகளுக்கு நடுவில் விட்டு, மெல்ல மூடிப்பிடித்து இழுத்தால் அழுக்குக் கோடு தாளில் வந்துவிடும். தகட்டை வளைக்கக் கூடாது. பட்டு இழையை முடிந்து பழகிய விரல் வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவரிடம் கொடுத்துவிடுங்கள், நம்மைவிட நன்றாகச் செய்வார். பட்டன்கள் மெத்தென்று இருக்கிற பிந்தைய மாடல்களில் 'ஹோல்ட்' என்று ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும். அது தவறுதலாக நகர்ந்திருந்தாலும் செட் கல்லாக உட்கார்ந்துவிடும்.

சில செட்டுகளில் அடாப்டர் துளைக்குப் பக்கத்தில் அரிசி அளவுக்கு ஒரு ஃப்யூஸ் இருக்கும். எப்போதோ தப்பான அடாப்டர் செருகியிருந்தால் அது தன் உயிரைக் கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றியிருக்கும். மல்டிமீட்டரை 'பீப்' நிலையில் வைத்து இரண்டு முனையையும் தொட்டால் தெரிந்துவிடும். போர்டில் கருவாட்டு வாடை மாதிரி ஏதாவது அடித்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள். கெபாசிட்டர் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் வந்த செட்டுகளில் இது சகஜம். அதை மாற்றுவது அனுபவக் கைக்கான வேலை. சென்னை ரிச்சி தெரு பக்கம் போகிறவர்கள் கையோடு எடுத்துப் போகலாம்.

பெல்ட் விஷயம். பழைய ரப்பர் பெல்ட் சில செட்டுகளில் தார் மாதிரி உருகி, சக்கரத்தில் அப்பிக்கொண்டிருக்கும். தொட்டால் கையெல்லாம் கறுப்பு. பல்குத்தும் குச்சியாலும் ஐ.பி.ஏ.வாலும் பொறுமையாக எடுக்க வேண்டும். அந்தப் பிசினே மோட்டாரை இறுக்கிப் பிடித்து ஓடவிடாமல் செய்வதும் உண்டு. புது பெல்ட் இணையத்தில் கிடைக்கிறது. மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். மளிகைப் பொட்டலத்து ரப்பர் பேண்ட் போட்டால் ஓடும், ஆனால் பாடுகிறவர் நடுநடுவே விக்குவார்.

தாத்தா ஏன் இவ்வளவு வேகமாகப் பேசுகிறார்?

செட் ஓடத் தொடங்கியதும் கை பரபரக்கும். பொக்கிஷ கேசட்டை உடனே போடாதீர்கள். முதலில் போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு கேசட்டை இரண்டு பக்கமும் முழுக்க ஓட்டுங்கள். ஹெட்டையும், அதன் பக்கத்தில் இருக்கிற ரப்பர் உருளையையும் துடைத்துவிடுங்கள். அந்த உருளை பிசுபிசுத்தால் நாடாவைச் சுற்றி இழுத்து மென்றுவிடும்.

பொக்கிஷ கேசட்டையும் வெளிச்சத்தில் பாருங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்ட வேண்டாம். நடுவில் இருக்கிற குட்டிப் பஞ்சுத் துண்டு கழன்று விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் சத்தம் மங்கலாகத்தான் வரும். பதிவு வசதி உள்ள செட்டில் போடுவதாக இருந்தால், கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் முதலில் உடைத்துவிடுங்கள். பிறகு யாரும் தவறிச் சிவப்புப் பட்டனை அழுத்தினாலும் மேலே பதியாது.

வேகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, கம்பெனி வெளியிட்ட சினிமா கேசட் ஒன்றைப் போட்டு, ஒரு பாட்டு எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று அளப்பது. அதே பாட்டு போனில் எவ்வளவு நேரமோ அதே அளவு இருக்க வேண்டும். எங்கள் செட்டில் அது சரியாகவே வந்தது. ஆனால் தாத்தாவின் கேசட்டைப் போட்டதும், ஒரு சின்னப் பையன் அவசர அவசரமாகப் பேசுகிற மாதிரி இருந்தது. ஆயா (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டார். அது அவர் குரலே இல்லை என்று சொல்லிவிட்டார்.

காரணம் பிறகு பிடிபட்டது. அன்றைக்குப் பதிந்த பெட்டி மெதுவாக ஓடியிருக்கிறது. கரன்ட் இல்லாத நேரத்தில் தேய்ந்த பேட்டரியில் பதிந்திருக்கலாம். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் கீச்சென்றுதான் வரும். இதற்காக மோட்டாரின் வேகத் திருகைத் திருகக் கூடாது. செட்டில் குறை இல்லை. அப்படியே கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, 'ஆடாசிட்டி' என்கிற இலவச மென்பொருளில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். பக்கத்தில் ஆயாவை உட்காரவைத்து, ஒவ்வொரு முறையும் கேட்கவைத்தேன். இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருந்தவர், ஓர் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். எந்த மீட்டரும் அதைச் சொல்லியிருக்காது. குரலைவிட முதலில் அவர் அடையாளம் கண்டது பின்னால் கேட்ட தறிச் சத்தத்தை. தாத்தா பேசும்போது தறியில் உட்கார்ந்திருந்தது யார் என்று கேட்டேன். தான்தான் என்றார்.

கம்ப்யூட்டருக்கு மாற்றும் விதம்

இரண்டு பக்கமும் 3.5 மி.மீ. பின் உள்ள வயர் ஒன்று போதும். ஒரு முனை வாக்மேனின் இயர்போன் துளையில், மறுமுனை கம்ப்யூட்டரின் 'லைன் இன்' துளையில். லேப்டாப்பில் அந்தத் துளை இல்லாவிட்டால், யூ.எஸ்.பி.யில் செருகுகிற சின்ன சவுண்ட் கார்டு வாங்கிக்கொள்ளலாம். 'லைன் இன்' உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வால்யூமைப் பாதியில் வையுங்கள். திரையில் அலை உச்சியில் போய் முட்டினால் குறையுங்கள். அறுபது நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம் உட்காரத்தான் வேண்டும். வேகமாக ஓட்டிப் பதிகிற குறுக்கு வழி இதில் கிடையாது. கம்ப்யூட்டரே இல்லாத வீட்டில், இயர்போனைப் போனின் மைக் அருகே வைத்து ரெக்கார்ட் செய்வது கடைசி வழி. தரம் சுமார்தான். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

முதலில் மாற்றிய கோப்பை எதுவும் திருத்தாமல் அப்படியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று மென்பொருளில் அதிகம் விளையாடினால் இரைச்சலோடு மூச்சும் போய்விடும். வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் ஆடியோவாக அனுப்பினால் தரம் குறையலாம். அதையே 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும்.

செட்டைச் சரி செய்ய வாய்ப்பே இல்லை என்று தெரிந்தாலும் கேசட்டை விட்டுவிடாதீர்கள். கேசட் பிளேயர்கள் இன்றைக்கும் புதிதாக வருகின்றன. சீனாவின் ஃபியோ நிறுவனம் 2024-ல் சார்ஜ் ஏற்றுகிற 'சிபி13' மாடலைக் கொண்டுவந்தது. விலை கையைக் கடிக்கும். சொந்தக்காரர்கள் வீட்டுப் பரண்களில் விசாரித்துவிட்டு அப்புறம் வாங்கலாம்.

வேலை முடிந்ததும் கேசட்டை ஒரு பக்கம் முழுக்கச் சுற்றி, உறையில் போட்டு, ஸ்பீக்கருக்கும் காந்தத்துக்கும் எட்ட, நிற்கிற வாக்கில் வையுங்கள். வாக்மேனை மறுபடி பெட்டிக்குள் வைக்கும் முன் பேட்டரி இரண்டையும் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள்.